கேட்டு வரைக்கும் பதினேழு வருசம்

நீங்க உள்ள போகலையா சார்? முட்டி வலியா? அதுக்கென்ன, இப்படி பஸ்ஸு நெழல்ல வந்து உக்காருங்க. அந்தத் தண்ணிக் கேனைக் கவுத்திப் போட்டுக்கங்க, காலியாத்தான் கெடக்கு. நான் இங்கதான் நிக்கணும். அடுப்பை நெழலுக்குக் கொண்டுவந்தா, பஸ்ஸுக்குப் பக்கத்துல தீயான்னு டிரைவர் ஜேசுராஜ் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரு. அதனால நீங்க நெழல்ல, நான் வெயில்ல. மலை வெயிலு சார் இது. நிக்கிறப்ப சுடாது. வீட்டுக்குப் போயிப் பாத்தா கழுத்துத் தோலு உரிஞ்சிருக்கும்.

உள்ள எப்படி இருக்கும்னு என்னையா கேக்குறீங்க? நல்ல ஆளாப் பாத்துத்தான் கேட்டீங்க. பத்தொம்பது வருசமா இந்தப் பூங்கா கேட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கேன் சார். அருப்புக்கோட்டையில இருந்து நம்ம டூரு வருசத்துக்கு நாலு தடவை, அஞ்சு தடவை ஊட்டிக்கு வரும். நான் இல்லாம ஒரு தடவை வந்ததில்லை. அத்தனையும் கேட்டு வரைக்கும்தான். உள்ள போனது ஒரே ஒரு தடவை. அது போன வருசத்துக்கு முந்துன வருசம்.

சிரிக்காதீங்க. சமையக்காரன் எப்படி சார் உள்ள போவான்? நீங்கல்லாம் பத்தரைக்கு உள்ள போவீங்க. ஒண்ணரைக்கு வருவீங்க, ஏறி எறங்குன பசியில கண்ணு உள்ள போயி. அந்த மூணு மணி நேரத்துக்குள்ள அம்பத்திரெண்டு பேருக்குச் சோறு, சாம்பாரு, ஒரு பொரியலு, அப்பளம், மோரு. அதுவும் இந்த மலையில. இங்க தண்ணி பொய்யாக் கொதிக்கும் சார். தளதளன்னு கொதிக்குதேன்னு அரிசியைப் போட்டா, அரிசி அரிசியாவே கெடக்கும். நம்மூருல இருபது நிமிசத்துல வேகுறது இங்க முக்கா மணி. பருப்பை முந்தின நாளே ஊறப் போடலைன்னா அன்னைக்கு சாம்பாரு கல்லுக்குழம்புதான். காத்து வேற. அடுப்பைச் சுத்தி இந்தத் தகரத்தைக் கட்டலைன்னா தீ ஒரு பக்கமா ஓடிரும். இதை விட்டுட்டுப் பூப் பாக்கப் போனா விளங்குமா?

இருங்க, ஒரு கிண்டு கிண்டிக்கிறேன்.

ம். பாத்தீங்களா, இன்னும் முழிச்சுக்கிட்டு இருக்கு அரிசி.

சோணமுத்து டூர்ல சோறு சூடா இருக்கும்னு ஒரு பேரு இருக்கு சார். சோணமுத்து நான்தான். டூர் நடத்துறது கதிரேசன் அண்ணாச்சி, ஆனா ஜனம் சோணமுத்து டூர்னுதான் சொல்லும். மத்த டூர்ல பொட்டலத்தைக் குடுத்து முடிச்சிருவாங்க. நான் ஒரு நாளும் ஆறுன சோறு போட்டதில்லை. ஒரு நாளைத் தவிர. அந்தக் கதைக்குத்தான் வர்றேன்.

என் வீட்டுக்காரி பேரு குருவம்மா. அவளுக்கு இந்தப் பூங்கா மேல அப்படி ஒரு கிறுக்கு. கிறுக்குப் பிடிக்க வச்சதே நான்தான். மொத தடவை டூரு போயிட்டு வந்தப்ப, "உள்ள என்னங்க இருந்துச்சு?"ன்னு கேட்டா. ஆசையாக் கேக்குறா. கேட்டுல நின்னு வெங்காயம் உரிச்சுட்டு வந்தேன்னு எப்படி சார் சொல்றது? கட்டுன பொண்டாட்டி முன்னால ஆம்பளைக்கு ஒரு இது வேண்டாமா? அதனால சொன்னேன். பந்தியில நீங்கல்லாம் சாப்பிட்டுக்கிட்டே பேசுவீங்கள்ல, அந்தப் பூவு தாம்பாளத்தண்டி இருந்துச்சு, அந்த மரம் கல்லாப் போயிருச்சுன்னு. அந்தப் பேச்சுதான் எனக்குப் பூங்கா. சாம்பாரை ஊத்திக்கிட்டே ஒரு காதை அங்கிட்டு வச்சிருப்பேன். எல்லாத்தையும் சேத்து, நான் பாத்த மாதிரி அவளுக்குச் சொல்லுவேன். உள்ள நொழைஞ்சா புல்லு சார், பாயி விரிச்ச மாதிரி. நேராப் போனா கல்லாப் போன மரம். அதுக்கு எடது கைப் பக்கம் கண்ணாடி வீடு. கண்ணாடி வீட்டுக்குள்ள படிப்படியா பூந்தொட்டி. இப்படி.

ஒவ்வொரு டூருக்கும் புதுசா ஒண்ணு சேத்துச் சொல்லுவேன். அவ அரிசி பொடைச்சுக்கிட்டே கேப்பா. "போன தடவை மஞ்சப்பூவுன்னு சொன்னீங்க, இப்ப ஊதாங்கிறீங்க"ம்பா. "அது வேற பூவு தாயி"ம்பேன். சமாளிச்சிருவேன். பதினேழு வருசம் சமாளிச்சேன்னா பாத்துக்கங்களேன்.

ஒரு தடவை இந்தக் கேட்டுல ஒருத்தர் வித்தாருன்னு டேலியாக் கெழங்கு வாங்கிட்டுப் போனேன். எண்ணெ டின்னுல நட்டு வச்சா. நம்மூரு வெயிலுக்கு இலை மட்டும் நாலு விட்டுச்சு. பூக்கலை. "இது குளுரு கேக்குதுங்க, இது இருக்கிற எடத்துல போயித்தான் பாக்கணும்"னு அன்னைக்குச் சொன்னா. சொல்லிட்டு அந்த டின்னைத் தூக்கிப் போடவும் இல்லை. ரெண்டு வருசம் தண்ணி ஊத்துனா.

அவளுக்குச் சுகர் வந்து எட்டு வருசம் இருக்கும். டாக்டர் அதைத் திங்காதே, இதைத் திங்காதேன்னு ஒரு தாளு எழுதிக் குடுத்தாரு. அந்தத் தாளை நான் பாத்தேன். சமையலு தெரியாத ஆளு எழுதுனது சார் அது. சோறு ஒரு கப்பாம். கப்புல அளந்து பொண்டாட்டிக்குச் சோறு போடுறவன் சமையக்காரனா? ஊருக்கே கேசரி கிண்டிப் போடுறவன் பொண்டாட்டிக்கு வறட்டுக் கோதுமை தோசையா? டூரு முடிஞ்சு வீட்டுக்குப் போறப்ப கையில ஒரு டப்பா கேசரி இல்லாம நான் போனதே இல்லை. "டாக்டர் வேண்டாம்னாருங்க"ம்பா. "எங்கையால கிண்டுனது, நெய்யில கிண்டுனது, ஒண்ணும் செய்யாது, சாப்பிடு"ம்பேன். எனக்காகச் சாப்பிடுவா. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். அப்பத்தான் எனக்கு நிம்மதி. அப்படி வச்சிருந்தேன் சார் அவளை. எங்க தெருவுல கேட்டுப் பாருங்க. அப்படி வச்சிருந்தும் அவளுக்குக் கண்ணு போச்சுன்னா என்னத்தச் சொல்றது? யாரு கண்ணு பட்டுச்சோ.

மொதல்ல வலது கண்ணு. சுவத்துக் காலண்டருல தேதி தெரியலைன்னா. அப்புறம் எதுத்த வீட்டுக்காரியைக் கொரலை வச்சுத்தான் அடையாளம் கண்டா. மதுரையில ஒரு கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், நானும் மக முருகேஸ்வரியும். அங்க இருந்த டாக்டரம்மா நல்ல மாதிரிதான். தன்மையாச் சொன்னாங்க. "சுகர் கண்ணுக்கு எறங்கிருச்சு. வலது கண்ணு போனது போனதுதான். எடது கண்ணுல இன்னும் கொஞ்சம் இருக்கு. லேசர் வச்சுப் பாப்போம். ரொம்ப நாளைக்கு நம்பிக்கை சொல்ல முடியாது. சாப்பாட்டுல கட்டுப்பாடா இருங்க." முருகேஸ்வரி என்னையத் திரும்பிப் பாத்தா. எதுக்குப் பாத்தான்னு தெரியலை.

திரும்பி வர்றப்ப பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்திருந்தவ மெதுவாக் கேட்டா. "ஏங்க, எனக்கு வேற ஆசை ஒண்ணும் இல்லை. நீங்க சொல்ற அந்தப் பூங்காவை மட்டும் ஒரு தடவை பாத்துக்கிடுறேங்க." "இது என்னத்தா பெரிய விசயம், கூட்டிட்டுப் போறேன்"னேன். அது தை மாசம். தையில இங்க பூவு கம்மியா இருக்கும், சீசன்ல போனா கொள்ளைப் பூவு பாக்கலாம்னு, "சித்திரையில போவோம்"னேன். அவ நல்லதுக்குத்தான் சார் சொன்னேன்.

சித்திரையில மொத டூரு. அண்ணாச்சி, சீட்டு ஃபுல்லுன்னுட்டாரு. அண்ணாச்சியைச் சொல்லணும் சார், பதினேழு வருசம் ஒழைச்சவன் பொண்டாட்டிக்கு ஒரு சீட்டு குடுக்க மனசு வரலை அந்த மனுசனுக்கு. கடைசி சீட்டு ஒண்ணு எப்பவும் நமக்குன்னு உண்டுதான். ஆனா அதுல அரிசி, சீனி, ரவை மூட்டையெல்லாம் வச்சிருப்பேன். டிக்கியில போட்டா டீசல் வாடை பிடிச்சிரும். டீசல் வாடையில கேசரி போட்டா என் பேரு என்னாகும்?

ரெண்டாவது டூரு. சீட்டு இருந்துச்சு. அவ வயர்கூடையில சேலையை எடுத்து வச்சுட்டா. ஆனா அந்தத் தடவை ஒரு கல்யாண கோஷ்டி, மாப்பிளை பொண்ணோட மொத்தமா வந்துட்டாங்க. வடை பாயாசம்னு கேட்டாங்க. நான் பந்தியப் பாப்பேனா, அவளைப் பாப்பேனா? "அடுத்த தடவை, தாயி"ன்னேன். சரின்னு கூடையில இருந்து சேலையை எடுத்து மறுபடி பீரோவுல வச்சா. தடவித் தடவித்தான் வச்சா. அதை நான் பாத்தேன். பாத்துட்டும் டூருக்கு வந்துட்டேன்.

மூணாவது டூருக்கு அவ கேக்கவே இல்லை. முருகேஸ்வரிதான் கேட்டா. "எப்பப்பா கூட்டிட்டுப் போற? இன்னும் ஒரு மாசம் போனா அம்மா அங்க வந்து என்னத்தப்பா பாக்கும்?" சுருக்குன்னு இருந்துச்சு சார். ஒத்தை மக. பெத்தவன்கிட்ட இப்படிப் பேசலாமா? சரி, எது எப்படிப் போனாலும் சீசனோட கடைசி டூருல அவளைக் கூட்டிட்டுப் போயிரணும்னு முடிவு பண்ணேன். மூட்டை எல்லாத்தையும் டிக்கியில போட்டேன். வாடை பிடிச்சாப் பிடிச்சுட்டுப் போகுதுன்னு போட்டேன்.

ஆனாலும் கேட்டுல அடுப்பை யாரு பாக்குறது? அதுக்கு அவதான் வழி சொன்னா. "ஏங்க, விடியிறதுக்கு முந்தியே லாட்ஜுல வச்சுப் புளியோதரை கிண்டிட்டா, அங்க அடுப்பே பத்த வைக்க வேண்டாம்ல?" நான் அவளையே பாத்துக்கிட்டு நின்னேன் சார். பதினேழு வருசம். ஒரு நாளு கூட எனக்கு அது தோணலை. சூடாப் போடணும், சூடாப் போடணும்னே மண்டையில ஓடிக்கிட்டு இருந்திருக்கு.

கிண்டுனேன். நல்லெண்ணெ மெதக்க மெதக்க, வேர்க்கடலை போட்டு, ரெண்டு நாளைக்குக் கெடாத புளியோதரை. அப்படியும் சாத்தூர்க்காரரு ஒருத்தர், "என்ன சோணமுத்து, சோறு ஆறிப் போச்சு"ன்னாரு. இன்னைக்கு நெனைச்சாலும் வயிறு எரியுது. ஒரு நாளு சார், ஒரே ஒரு நாளு. மனுசன் ஒரு நாளு ஆறுன சோறு சாப்பிட்டாக் கொறைஞ்சு போயிருவானா?

இருங்க, பீன்ஸைப் போட்டுர்றேன். பருப்பு கொழைஞ்சிருச்சு.

எங்க விட்டேன்? ஆங். கேட்டு.

கைய்யைப் பிடிச்சுத்தான் கூட்டிட்டுப் போனேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு. கல்யாணத்தன்னைக்குப் பிடிச்ச கைய்யி, அதுக்கப்புறம் ஊரு முன்னால எங்க பிடிச்சேன்? அவ அந்த வயர்கூடைச் சேலையைக் கட்டியிருந்தா. உள்ள நொழைஞ்சதும் நின்னா. மூஞ்சியை இப்படித் தூக்கி, "ஏங்க, அங்க செகப்பாத் தெரியுது, பூவா?"ன்னு கேட்டா. அவ காமிச்ச பக்கம் பாத்தேன். சொவரு சார். வெறும் வெள்ளைச் சொவரு. செகப்பா அங்க ஒண்ணுமே இல்லை. "ஆமாத்தா, பூவுதான்"னேன். அவளுக்குச் சந்தோசம். இல்லை, எனக்குச் சந்தோசமா இருக்கட்டும்னு சொன்னாளோ என்னமோ, அது எனக்குத் தெரியலை.

பத்து எட்டு வச்சிருக்க மாட்டோம். மூட்டம் எறங்கிருச்சு. நீங்க பாத்திருக்க மாட்டீங்க, இந்த ஊருல அது சொல்லாமக் கொள்ளாம வரும். மலை மேல இருந்து பொகை மாதிரி வந்துச்சு, கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள மரத்தைக் காணோம், பாதையைக் காணோம். எங்காலே எனக்குத் தெரியலை. குருவம்மா எங்கைய்யை இறுக்கிப் பிடிச்சா. "ஏங்க, போச்சுங்க"ன்னா. "வெளிச்சமாவது தெரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அதுவும் போச்சுங்க, முழுசாப் போச்சுங்க"ன்னு நடுங்குறா. "இல்லத்தா, மூட்டம், எனக்கும்தான் தெரியலை"ங்கிறேன், நம்ப மாட்டேங்கிறா. "எனக்காகச் சொல்றீங்க"ங்கிறா. "சத்தியமாத்தா, உன் மேல சத்தியமா"ன்னு தலையில அடிச்சு சத்தியம் பண்றேன், நம்ப மாட்டேங்கிறா. என்ன செய்வேன் சார் நான்? உண்மையைச் சொல்றேன், உண்மையை நம்ப மாட்டேங்கிறாளே.

நல்ல வேளை, பக்கத்துல களை எடுக்கிற பொம்பளை ஒருத்தி கம்பளிக் கோட்டுப் போட்டு உக்காந்திருந்தா. குருவம்மா அவ சத்தத்தைக் கேட்டு, "ஏம்மா, மூட்டமா எறங்கியிருக்கு?"ன்னு கேட்டா. "ஆமாங்க அக்கா, பத்தடி தெரியலை. அரை மணி நேரத்துல வெலகிரும், அப்படி உக்காருங்க"ன்னா அவ. இவளுக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது. "அப்ப எனக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் தெரியலை"ன்னா. "எல்லாருக்கும் ஒண்ணுதான் இப்ப"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னா. அவ அப்படிச் சிரிச்சுப் பாத்து ஆறேழு மாசம் ஆயிருந்துச்சு.

அதோட விட்டாளா? "வாங்க, உக்காந்துக்கிட்டு என்ன, நான் கூட்டிட்டுப் போறேன்"னு எங்கைய்யைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நடக்குறா. "நேராப் போனா கல்லாப் போன மரம். எடது கைப் பக்கம் கண்ணாடி வீடு. நீங்கதான சொன்னீங்க"ன்னு எடது பக்கம் திரும்புனா. நேராப் போயி ஒரு வேலிச் செடியில முட்டி நின்னோம். வேலிக்கு அங்கிட்டு கக்கூசு. வாடை வருது. "எங்கங்க கண்ணாடி வீடு?"ங்கிறா. நான் எதைச் சொல்வேன்? "அது... மாத்திக் கட்டிட்டாங்க போல"ன்னேன். அப்புறம் கேட்டா பாருங்க: "ஏங்க, நீங்க இதுக்கு முந்தி உள்ள வந்ததே இல்லையா?"

தலையைக் குனிஞ்சு நின்னேன். நான் தலையைக் குனிஞ்சது அவளுக்கு எங்க தெரியும்? வாயால சொல்ல வேண்டியதாப் போச்சு. "இல்லத்தா."

கோவிச்சுக்குவான்னு நெனைச்சேன். விழுந்து விழுந்து சிரிக்கிறா சார். நிக்க முடியாம என் தோளைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. "அப்ப பதினேழு வருசமா நான் பாத்த பூங்கா யாரு பாத்தது?"ங்கிறா. "பந்தியில சாப்பிட்டவங்க பாத்தது"ன்னேன். "நல்லாத்தான் சொன்னீங்க"ன்னா. "அதான் ஒவ்வொரு தடவை சொல்றப்பவும் தொண்டையைக் கனைச்சுக்கிட்டே சொல்வீங்களா? நான் மலைக் குளுரு, சளி பிடிச்சிருச்சுன்னு கசாயம் வச்சுக் குடுத்தேனே"ன்னா. நான் கனைக்கிறேனாம். அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை சார். அடுப்புல நிக்கிறவனுக்குத் தொண்டை கமறத்தான் செய்யும்.

அப்புறம் ஒரு பெஞ்சுல உக்காந்தோம். டப்பாவைத் தொறந்து கேசரியைக் குடுத்தேன். ரெண்டு வாய் சாப்பிட்டா. போதும்னா. "எனக்காக"ன்னேன். இன்னும் ஒரு வாய் சாப்பிட்டா.

அப்பத்தான் மூட்டம் வெலகுச்சு.

எப்படிச் சொல்றதுன்னு தெரியலை சார். வெலகுச்சுன்னா, தெரைய இழுத்த மாதிரி ஒரு பக்கமா வெலகிக்கிட்டே வருது. மொதல்ல புல்லு. அப்புறம் மேடு. மேட்டு மேல மரம், கிழக்கேயும் மேக்கேயும் மரம், ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. அப்புறம் பூவு. எங்க காலடியில இருந்து மேடு வரைக்கும் செகப்பு, மஞ்சளு, ஊதா, பேரு தெரியாத நெறமெல்லாம். நாங்க உக்காந்திருந்த பெஞ்சுக்கு ஒரு மொழம் தள்ளி, கைய்யை நீட்டுனாத் தொடுற தூரத்துல, ரத்தச் செகப்புல பாத்தி. வெயிலு பளீர்னு அடிக்குது. கண்ணு கொள்ளலை சார் எனக்கு. பதினேழு வருசம் நான் சொன்ன பொய்யி ஒண்ணு கூட இதுக்குக் கால் தூசி பெறாது. ஒரு நிமிசம், ஒரே நிமிசம், பக்கத்துல அவ இருக்கிறதையே மறந்து பாத்துட்டேன். அதை நெனைச்சா இன்னைக்கும் எனக்கு ஆற மாட்டேங்குது.

அப்ப குருவம்மா மூஞ்சியை அந்தச் செகப்புப் பக்கமே வச்சுக்கிட்டுக் கேட்டா.

"இன்னும் வெலகலையாங்க?"

என்ன சார் சொல்லச் சொல்றீங்க? நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? படிச்ச ஆளு நீங்க, சொல்லுங்க.

"இல்லத்தா, இன்னும் வெலகலை"ன்னேன்.

அவ முந்தானையை எடுத்துத் தலையில போட்டுக்கிட்டா. "குளுருதாத்தா?"ன்னேன். ம்னா. நான் என் துண்டையும் எடுத்து அவ தோளுல போத்திவிட்டேன். அங்கிட்டு ஒருத்தன் கேமராவை வச்சுக்கிட்டு, "வெளிச்சம் நல்லாருக்கு, எல்லாரும் இப்படி வந்து நில்லுங்க"ன்னு கத்துறான். அவ காதுல விழுந்துறக் கூடாதுன்னு நான் சத்தமா இருமுனேன். புள்ளைக ஓடியாருதுக, "எவ்வளவு பூவு, எவ்வளவு பூவு"ன்னு. அதுக்கும் இருமுனேன். எத்தனை பேருக்கு சார் இருமுறது? எல்லாரும் பூவைப் பாத்துச் சத்தம் போடுறாங்க. நான் நடுவுல உக்காந்து இருமிக்கிட்டு இருக்கேன்.

கொஞ்ச நேரம் அப்படியே எங்கைய்யைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அப்புறம், "சரி வாங்க, பந்திக்கு நேரமாச்சு. அடுத்த தடவை வர்றப்ப வெலகியிருக்கும்"னு எந்திரிச்சா. அந்தச் செகப்புப் பாத்தியை ஒட்டித்தான் நடந்து வந்தோம். அவ சேலை பூவுல உரசிக்கிட்டே வந்துச்சு.

இப்ப முழுசாத் தெரியாது சார். ராத்திரியும் பகலும் ஒண்ணுதான். வீட்டோட இருக்கா. முருகேஸ்வரிதான் எல்லாம் பாத்துக்கிடுறா. மக எங்கூடச் சரியாப் பேசுறதில்லை. வீட்டுல சீனி டப்பாவை எங்க வச்சிருக்கான்னே தெரியலை. நான் கொண்டுபோற கேசரியை வாசல்லயே வாங்கி எங்கேயோ குடுத்துர்றா. "எம்மேல என்னத்தா கோவம்?"னு கேட்டா, "உனக்குத் தெரியாதுப்பா"ங்கிறா. சத்தியமா எனக்குத் தெரியலை சார்.

ஒவ்வொரு டூருக்கும் குருவம்மா போன் போட்டுக் கேப்பா, இன்னைக்கு மூட்டம் வெலகிருக்கான்னு. நான் இல்லைன்னுதான் சொல்லுவேன். ரெண்டு வருசமா ஊட்டியில மூட்டம் வெலகலை. வெலகிருச்சுன்னு ஒரு தடவை சொல்லிட்டேன்னு வைங்க, "அப்ப என்னையக் கூட்டிட்டுப் போங்க"ம்பாளே. கூட்டிட்டு வந்து என்னத்தக் காமிப்பேன்? நானும் அதுக்கப்புறம் உள்ள போகலை. புளியோதரையும் கட்டலை. சூடாத்தான் போடுறேன். அவ பாக்காததை நான் மட்டும் பாத்து என்ன ஆகப் போகுது?

இந்தா, அடிக்குது பாருங்க. அவதான். இந்த நேரத்துக்கு டாண்ணு அடிப்பா. சார், நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. வெயிலு கியிலுன்னு எதையாவது சொல்லிறாதீங்க, கும்பிட்டுக் கேக்குறேன்.

ஹலோ. ஆங், குருவம்மா. சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா? ஊசி? சரி சரி. ஆமா, வந்தாச்சு, எல்லாரும் உள்ள போயிருக்காங்க. சாம்பாருதான். பீன்ஸ் பொரியலு. ம்... க்கும்... இல்லத்தா. இன்னைக்கும் மூட்டந்தான். ஆமா, பத்தடி தெரியலை. க்கும்... இல்லை, இருமலெல்லாம் இல்லை. நானா? அடுப்புக்கிட்டத்தான் நிக்கிறேன். ம். ம். சரித்தா. சரி, போட்டுக்கிடுறேன். வச்சிரவா?

வச்சுட்டா.

பாருங்க சார், மூட்டம்னு சொல்றேன், "வெயில்ல நிக்காதீங்க, தலையில துண்டைப் போட்டுக்கங்க"ங்கிறா. நம்மூரு வெயிலு நெனைப்புல சொல்றா. அவளுக்கு எங்க தெரியப் போகுது, பாவம்.

அந்தா, நம்மாளுக வர ஆரம்பிச்சுட்டாங்க. சார், கோவிச்சுக்கிடாம அந்தக் கம்பியில தொங்குற துண்டைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. ஆங், அதுதான். தலையில போட்டுக்கிடுறேன். சாயந்திரம் மறுபடி போன் போட்டு, போட்டீங்களான்னு கேப்பா. போடாமப் போட்டேன்னு சொன்னா, அது பொய்யாயிரும்ல சார்.